ஆர்சி உங்கள் பெயரில், சாவி மகன் கையில்

கொளத்தூரிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

"மகன் பிளஸ் டூ படிக்கிறான், பதினேழு வயது. பத்தாம் வகுப்பு லீவிலேயே அவன் அப்பா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார். இப்போது டியூஷன், கடை, நண்பர்களோடு சுற்றுவது எல்லாமே அதில்தான். வண்டி என் பெயரில்தான் இருக்கிறது, சீட்டுப் பணத்தில் வாங்கியது. ஆனால் எனக்கு ஓட்டத் தெரியாது. போன மாதம் தெருமுனையில் ஒரு பெரியவரை இடித்துவிட்டான். முழங்கையில் சிராய்ப்பு. என் கணவர் மூவாயிரம் கொடுத்துப் பேசி முடித்துவிட்டார். 'பையனுக்கு ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்கு, அந்த ஆள்தான் பார்க்காம குறுக்க வந்தார்' என்கிறார். மகளுக்கு இருபது வயது. ஆவடிப் பக்கம் காலேஜ், இரண்டு பஸ் மாற வேண்டும். வண்டி கற்றுக்கொள்கிறேன் என்றால், 'பொம்பளப் பிள்ளைங்க காலைத் தேய்ச்சுக்கிட்டே ஓட்டும், யாரையாவது இடிச்சு வெக்கும்' என்று மறுத்துவிடுகிறார். எனக்கு உண்மையான பயம் மாமனாரை நினைத்துத்தான். எழுபத்து மூன்று வயதிலும் கார் ஓட்டுகிறார், ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சாவியை வாங்கி வைக்கச் சட்டத்தில் வழி உண்டா? மகன் விஷயத்தில் அவ்வளவு கவலை இல்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பதினாறு வயதிலேயே எல்எல்ஆர் எடுக்கலாம் என்றும் சொல்கிறார்கள்."

சகோதரி, மாமனாரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய "வண்டி என் பெயரில்தான் இருக்கிறது" என்ற வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. இருபது வருடத்துக்கு மேலாக வாகன விபத்து வழக்கு நடத்துகிறேன். உங்கள் வீட்டில் யாரை நினைத்துப் பயப்பட வேண்டும் என்ற வரிசை தலைகீழாக இருக்கிறது. உங்களை மட்டும் சொல்லவில்லை, முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான்.

பதினாறு வயது எல்எல்ஆர்

முதலில் இதை முடித்துவிடுவோம். பதினாறு வயதில் எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். காய்கறி மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்களே, அந்த டிவிஎஸ் எக்ஸ்எல்கூட இன்றைக்கு 100 சிசி. உங்கள் வீட்டு ஸ்கூட்டர் 110 சிசியாவது இருக்கும். அதற்குப் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். ஆக, உங்கள் மகன் எந்த எல்எல்ஆரும் இல்லாமல், எடுக்கவும் முடியாத ஒரு வண்டியை இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பதினெட்டு நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளி என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்று நிரூபித்தால் தப்பிக்க இடம் உண்டு. ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கற்றுக்கொடுத்ததே அப்பா என்றால், அந்த வாசலும் மூடியாகிவிட்டது. பெரிய விபத்தாகிப் போனால் பையன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்பான், நீங்கள் கிரிமினல் கோர்ட்டில் நிற்பீர்கள். ஓட்டத் தெரியாதவர் ஓட்டிய குற்றத்துக்குக் கூண்டில் ஏறுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், யார் பெயரோ அவர்தான் சொந்தக்காரர்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றால்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி மூன்றாம் நபருக்கு, அதாவது வண்டியில் இல்லாத வெளியாளுக்கு, விபத்து நேர்ந்தால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நஷ்டஈட்டைக் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம். 2004இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் கை வெறுமையாகப் போகக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உங்களைக் காப்பாற்றுவதற்காக அல்ல.

தொகை எவ்வளவு வரும்? கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் கணவரும் பார்க்கட்டும். இறந்தவருக்கு முப்பது வயது, தனியார் வேலை, மாதம் 25,000 சம்பளம், மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 35,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 26,250. வருடத்துக்கு 3,15,000. இந்த வருடத் தொகையை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த எண் 17. மொத்தம் 53,55,000 ரூபாய். ஈமச் செலவு, குடும்பத்தார் இழப்பு, வட்டி எல்லாம் இதற்கு மேல். கடன் முடியாத ஃப்ளாட் என்று எழுதியிருந்தீர்கள். வசூலுக்கு வரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

உங்கள் மகனுக்கே ஏதாவது ஆனால்? பாலிசியில் இருக்கும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு, சொந்தக்காரர் லைசென்ஸோடு தானே ஓட்டும்போது மட்டும்தான். மகனுக்கு அதில் ஒரு பைசா வராது.

சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயங்கள் அங்கேதான் இருக்கின்றன, உயர் நீதிமன்ற வளாகத்துக்குள். பதினாறு வயதுப் பையன் ஓட்டிய வண்டி, எதிரே வந்தவர் இறந்துபோனார். சாட்சிக் கூண்டில் பையனின் அம்மா. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் ஆர்சி, பாலிசி, பையனின் மார்க் ஷீட். மார்க் ஷீட் எதற்குக் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: "வண்டிச் சாவியை வீட்டில் எங்கே வைப்பீர்கள்?" அவர் யோசிக்காமல் சொன்னார், "வாசல் பக்கம் ஆணியில மாட்டியிருக்கும் சார்." வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டில் சாவி எங்கே தொங்குகிறது?

ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்கு

உங்கள் கணவர் சொல்வது பொய்யில்லை. பதினேழு வயதுப் பையனின் கையும் கண்ணும் என்னுடையதைவிட வேகமானவைதான். விபத்துக் கணக்கைப் பார்த்தால் அந்த வேகம் யாரையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மூன்றில் இரண்டு பங்கு பேர் பதினெட்டுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். அதாவது ரிஃப்ளெக்ஸ் நன்றாக இருக்கும் வயதினர். நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் ஆண்கள். பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகம்தான் காரணம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆண்கள் அதிகம் சாவதற்கு ஒரு காரணம், சாலையில் அதிகம் இருப்பவர்கள் அவர்கள்தான். லாரி, ஆட்டோ, டெலிவரி எல்லாவற்றிலும் ஆண்கள்தான். ஆக, இந்த 85ஐ மட்டும் வைத்துக்கொண்டு "ஆண்கள் மோசமான ஓட்டுநர்கள்" என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாக வண்டி ஓட்டும் மேலைநாடுகளிலும், ஓட்டிய தூரத்தைக் கணக்கில் எடுத்த பிறகும், உயிர் போகிற விபத்துகளில் இளம் ஆண்கள் முன்னால் நிற்கிறார்கள். ஐரோப்பாவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இளைஞர்களிடம் பெண்களைவிட அதிகப் பிரீமியம் வாங்கிக்கொண்டிருந்தன. பாலினத்தை வைத்து விலை போடக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் சொன்னது, 2012 டிசம்பரிலிருந்து அது நின்றது. கம்பெனிக்காரன் யாருக்கும் சும்மா சலுகை தர மாட்டான், கணக்குப் பார்த்துத்தான் தருவான் என்பதை உங்கள் கணவரே ஒப்புக்கொள்வார். நம் ஊரில் மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது, அதுவும் சிசியை வைத்து. ஓட்டுகிறவரின் வயதும் பாலினமும் அதில் வராது. அதனால்தான் இந்தக் கணக்கு நம் வீடுகளுக்குத் தெரிவதில்லை.

காரணம் என்னவென்று மனநல ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆபத்தை எடைபோட்டு "வேண்டாம்" என்று நிறுத்தும் மூளைப் பகுதி முழுசாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. த்ரில்லைத் தேடும் பகுதி அதற்கு முன்பே முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஆக்சிலரேட்டர் முதலில் வந்துவிடுகிறது, பிரேக் பிறகுதான் வந்து சேருகிறது. இன்னொன்று, கூட்டாளிகள். 2005இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் பதின்வயதினரையும் பெரியவர்களையும் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டில் உட்காரவைத்தார்கள். தனியாக விளையாடும்போது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. நண்பர்கள் பக்கத்தில் வந்ததும் பிள்ளைகள் எடுத்த ஆபத்து கூடியது. பெரியவர்களிடம் அது மாறவில்லை. உங்கள் மகன் டியூஷனுக்குத் தனியாகப் போகிற வேகமும், பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வருகிற வேகமும் ஒன்றல்ல. முதலாவதை மட்டும்தான் அவன் அப்பா பார்த்திருக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு மேல் இரட்டை ஏரிப் பக்கமோ பைபாஸிலோ ஒரு நாள் போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியவரை இடித்த விஷயம். மூவாயிரத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆளுக்குக் காயம் பட்டால் மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்வதும் சட்டப்படி ஓட்டுநரின் கடமை. வெளியே பேசி முடித்தது அந்தக் கடமையை இல்லாமல் செய்துவிடாது. அவர் பின்னால் புகார் கொடுத்தால், கொடுத்த பணமே "தப்பு எங்கள் மேல்தான்" என்பதற்குச் சாட்சியாக வந்து நிற்கலாம். இப்போதைக்கு அவர் நன்றாக இருக்கிறாரா என்று நேரில் போய் விசாரியுங்கள், நீங்களே போங்கள். வயதானவர்களுக்கு முழங்கைச் சிராய்ப்பு என்று நினைத்தது மணிக்கட்டு முறிவாக இருப்பதும் உண்டு.

மகளுக்கு வண்டி

பெண்கள் காலைத் தேய்த்துக்கொண்டு ஓட்டுவதாகவும், இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டு வலது பக்கம் திரும்புவதாகவும் வாட்ஸ்அப்பில் வராத ஜோக் இல்லை. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் காலைத் தேய்க்கிற வேகத்தில் இடித்தால் மட்கார்டு நசுங்கும். என்னிடம் வரும் வழக்குக் கட்டுகள் அந்த வேகத்தில் நடந்தவை அல்ல. புதிதாக ஓட்டும் எல்லாருக்கும் முதல் சில மாதம் தடுமாற்றம் இருக்கும். தடுமாற்றம் தெரிந்து மெதுவாகப் போகிறவர்களைவிட, தடுமாற்றமே இல்லை என்று நினைப்பவர்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

நம் ஊரில் பெண்கள் விபத்தில் சாவது பெரும்பாலும் பின்சீட்டிலும் நடந்து போகும்போதும்தான். ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் பை, தலையில் எதுவும் இல்லாமல். 2022இல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் ஐம்பதாயிரம் பேர், அதில் பதினாலாயிரத்துக்கு மேல் பின்னால் உட்கார்ந்தவர்கள். மகள் வண்டி ஓட்டினால் ஆபத்து என்று தடுக்கும் வீட்டில், மனைவி கணவருக்குப் பின்னால் ஹெல்மெட் இல்லாமல் போவதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. நீங்கள் போடுகிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

உங்கள் மகளுக்கு இருபது வயது. லைசென்ஸ் எடுக்க அவளுக்கு அப்பாவின் கையெழுத்து தேவையில்லை. எல்எல்ஆருக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்து ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். அதுவரை லைசென்ஸ் உள்ள ஒருவர் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கலாம், வேறு யாரையும் ஏற்றக் கூடாது, முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' ஒட்ட வேண்டும். ஆனால் வீட்டில் சண்டை போட்டு, திருட்டுத்தனமாகக் கற்க வேண்டாம். பயந்துகொண்டே ஓட்டுவதும் ஓர் ஆபத்துதான். பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் கொளத்தூர், பெரம்பூர் பக்கமே இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் ஆவடி வரை வேண்டாம், உள்தெருவும் பக்கத்து மார்க்கெட்டும் போதும்.

மாமனாரின் கார்

வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் லைசென்ஸைப் பறிக்க நம் சட்டத்தில் இடமில்லை, மேல் வயது வரம்பும் கிடையாது. ஐம்பத்தைந்துக்குப் பிறகு புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள், மருத்துவச் சான்று வேண்டும். முதலில் அவருடைய லைசென்ஸ் தேதியைப் பாருங்கள். முன்பு முப்பது நாள் சலுகை இருந்தது, 2019 திருத்தத்தில் அது போய்விட்டது. காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

முதியவர்கள் பெரும்பாலும் தாங்களே குறைத்துக்கொள்வார்கள். ராத்திரி எடுக்க மாட்டார்கள், மழையில் எடுக்க மாட்டார்கள், தெரிந்த வழியை விட மாட்டார்கள். அவர்களுக்குச் சிக்கல் வருவது வேகத்தால் அல்ல, சிக்னல் இல்லாத சந்திப்பில் வலது பக்கம் திரும்பும்போது. அடி பட்டால் உடம்பு தாங்காது என்பது இன்னொன்று. புரை ஆபரேஷன் ஆன கண்ணில் பார்வை முன்பைவிட நன்றாகவே இருக்கக்கூடும். இன்னொரு கண்ணைத்தான் சோதிக்க வேண்டும். காரில் புதிதாகக் கீறல் விழுகிறதா, எதிர் வண்டி லைட்டில் கண் கூசுகிறது என்கிறாரா, பழகிய வழியில் குழம்புகிறாரா, தூக்கம் வரவைக்கும் மாத்திரை எடுக்கிறாரா என்று கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் கண் டாக்டரிடமோ குடும்ப டாக்டரிடமோ சொல்லி, அவர் வாயால் சொல்லவையுங்கள். மருமகள் சாவியைக் கேட்டால் அது கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். டாக்டர் சொன்னால் டாக்டர் சொன்னார் என்று ஊருக்கே சொல்லிக்கொள்வார்.

இந்த வாரம்

ஸ்கூட்டர் சாவி இன்றைக்கே ஆணியிலிருந்து பீரோவுக்குள் போகட்டும். மகனிடம் அவமானப்படுத்தாமல் பேசுங்கள். "நீ நல்லா ஓட்டுற, ஆனா கூண்டுல நான்தான் ஏறணும்" என்றால் பதினேழு வயதுக்குப் புரியும். சைக்கிளுக்கு ஒத்துக்கொள்ள மாட்டான் என்றால், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குட்பட்ட எலக்ட்ரிக் வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை. கடையில் "வேகத்தைக் கூட்டித் தருகிறோம்" என்றால் மட்டும் வாங்காதீர்கள், கூட்டிய அன்றே அது மோட்டார் வாகனம் ஆகிவிடும். கணவரிடம் அந்த 53 லட்சம் கணக்கைக் காட்டுங்கள். ரிஃப்ளெக்ஸ் பற்றிய வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மகனுக்குப் பதினெட்டு ஆக இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்குள் மகள் லைசென்ஸ் எடுத்துவிடலாம். அப்புறம் டியூஷனுக்கு அக்கா பின்னால் உட்கார்ந்து போகட்டும், தலையில் அவனுக்கும் ஒரு ஹெல்மெட்.